மார்க் இருந்தும் இடம் இல்லையா? வெளிநாட்டு இன்டர்ன்ஷிப்பில் பொருத்தம் பார்க்கும் முறை

வியாசர்பாடி பி.வி. காலனியில் ஒரு அத்தோ (பர்மிய நூடுல்ஸ்) கடை வாசலில் நின்றுகொண்டு அந்தப் பெண் கேட்டாள்: "அண்ணா, எனக்கு சிஜிபிஏ 8.9. அவனுக்கு 7.4. ஒரே கிளாஸ், ஒரே புரோகிராம், ஒரே நாள்ல அப்ளை பண்ணோம். அவன் ஹாம்பர்க் போறான். எனக்குப் 'பொருத்தமான இடம் அமையவில்லை'ன்னு மெயில். இது என்ன கணக்கு?"

இருவரும் சுற்றுச்சூழல் பொறியியலில் எம்.ஈ. படிக்கிறார்கள். அவள் சொன்னதில் பொய் இல்லை. மார்க் பட்டியலில் அவள்தான் மேலே. அந்த மெயிலிலும் பொய் இல்லை. 'பொருத்தமான' என்பதை அவள் மனம் நோகாமல் மறுப்பதற்கான சொல் என்று எடுத்துக்கொண்டாள். ஆனால் நடந்தது முழுக்க அந்த ஒரு சொல்லுக்குள்தான் இருக்கிறது.

நான் மணலியில் ஒரு ஆலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வெளிநாட்டு இன்டர்ன்ஷிப்புக்குப் போய் வந்தவன் இல்லை; போகப் பார்த்துப் பணத்தை விட்டவன். அந்தக் கதை பின்னால் வருகிறது. பணம் போன பிறகுதான் இது எப்படி நடக்கிறது என்று உட்கார்ந்து தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அத்தோ ஆறிப்போகும் வரை அவளிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதுகிறேன்.

கவுன்சிலிங் இல்லை, ஏலமும் இல்லை

நம் ஊரில் 'இடம் கிடைப்பது' என்றாலே பொறியியல் கவுன்சிலிங்தான் ஞாபகம் வரும். கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக மொத்தம் 200-க்குக் கட்-ஆஃப். அதை வைத்து ரேங்க். ரேங்க் வரிசையில் முன்னால் இருப்பவர் விரும்பியதை எடுத்துக்கொள்ள, மிச்சம் இருப்பதில் அடுத்தவர் எடுப்பார். இங்கே ஆசைப்படும் உரிமை மாணவருக்கு மட்டும்தான். 'இந்தப் பையன் வேண்டாம், அந்தப் பெண்ணைக் கொடுங்கள்' என்று கல்லூரி வாய் திறக்க முடியாது. சிபாரிசு நுழைய முடியாத முறை என்பதால் எனக்கு அதன்மேல் பெரிய மரியாதை உண்டு.

காசிமேட்டு மீன் ஏலம் இன்னொரு வகை. அங்கே பேசுவது விலை. ஒரு கூடை வஞ்சிரத்தை யார் அதிகம் கேட்கிறாரோ அவர் தூக்கிக்கொண்டு போவார். வாங்குகிறவர் ஹோட்டல்காரரா, தெருவில் விற்கிறவரா என்பது விற்பவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

வெளிநாட்டு இன்டர்ன்ஷிப் இந்த இரண்டிலும் சேராது. ஸ்டைபண்ட், அதாவது பயிற்சிக் காலத்துக்குத் தரும் தொகை, பெரும்பாலும் முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது. 'நான் பாதிச் சம்பளத்துக்கு வருகிறேன்' என்று சொல்லி யாரையும் முந்த முடியாது. உலகத்துக்கெல்லாம் பொதுவான ரேங்க் பட்டியலும் கிடையாது. மாணவருக்கும் விருப்பம் உண்டு, கம்பெனிக்கும் விருப்பம் உண்டு, இரு தரப்பும் 'வேண்டாம்' சொல்லலாம். இது நமக்குத் தெரியாத சங்கதியா என்ன? வரன் பார்ப்பதுதான். தரகர் இரண்டு வீட்டு விவரத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு, யாருக்கு யார் ஒத்துவருவார்கள் என்று பார்க்கிறார். பையன் எத்தனை பெரிய படிப்பு படித்திருந்தாலும் பெண் வீடு கேட்டது வேறாக இருந்தால் தரகர் அந்த ஜாதகத்தை எடுத்துக்கொண்டு போகவே மாட்டார்.

தரகர் மேசையில் என்ன நடக்கிறது

கம்பெனிக்கு நேராக எழுதிப் போட்டு இடம் வாங்குகிறவர்கள் உண்டு. அதில் தரகர் இல்லை, அதிர்ஷ்டமும் விடாமுயற்சியும்தான். நான் சொல்ல வருவது நடுவில் ஓர் அமைப்பு இருந்து சேர்த்துவைக்கும் முறையை.

அந்த அமைப்பு முதலில் கம்பெனிகளிடமிருந்து ஆளுக்கொரு தாள் வாங்கும். என்ன வேலை, எத்தனை வாரம், எந்த மாதம், எந்தத் துறை, எந்த மொழி, ஸ்டைபண்ட் எவ்வளவு, தங்க இடம் கிடைக்குமா என்பதெல்லாம் அதில் இருக்கும். மாணவரிடமிருந்து சி.வி., மார்க் பட்டியல், கல்லூரியின் சான்றுக் கடிதம், ஏன் இந்த வேலை வேண்டும் என்று விளக்கும் கடிதம். பிறகு வடிகட்டல் தொடங்கும். மார்க் முதல் சல்லடை என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். முதல் சல்லடை பெரும்பாலும் நாடு.

ஜெர்மனியின் டி.ஏ.ஏ.டி. அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1925-ல் தொடங்கியது, மாணவர் பரிமாற்றத்தில் பழுத்த அனுபவம். அது 'ரைஸ் புரொஃபஷனல்' என்ற பெயரில் முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களை ஜெர்மன் கம்பெனிகளோடு சேர்த்துவைக்கும் திட்டத்தை நடத்தியது. படித்துப் பார்த்தால் நமக்கென்றே செய்தது போல இருக்கும். ஆனால் அது வட அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து ஆகிய இடங்களில் படிப்பவர்களுக்கானது. இந்திய மாணவர்களுக்கு அதே அமைப்பு 'வைஸ்' என்ற திட்டம் வைத்திருக்கிறது. அது இளநிலையில் அறிவியல், பொறியியல் படிப்பவர்களுக்கு, போய்ச் சேரும் இடமும் பல்கலைக்கழகமோ ஆய்வு நிறுவனமோதான். கனடாவின் மிடாக்ஸ் அமைப்பு நடத்தும் 'குளோபலிங்க்' 12 வார இன்டர்ன்ஷிப்பும் இளநிலை மாணவர்களைப் பேராசிரியர்களோடு சேர்ப்பதுதான். பெயர் ஒன்றுபோல இருக்கிறது என்று எம்.ஈ. மாணவர்கள் இவற்றுக்கெல்லாம் படிவம் நிரப்பி ஒரு மாதத்தை வீணாக்குவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் எந்தத் திட்டமாக இருந்தாலும் முதலில் மூன்று கேள்வி: எந்த நாட்டில் படிப்பவருக்கு? எந்த நிலையில் படிப்பவருக்கு? போய்ச் சேருவது கம்பெனியா, ஆய்வகமா?

அடுத்த சல்லடை தேதி. ஐரோப்பியக் கம்பெனிகள் தங்கள் கோடை விடுமுறையை ஒட்டி ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆள் கேட்பது வழக்கம். நமக்கு ஜூலையிலேயே அடுத்த செமஸ்டர் தொடங்கிவிடுகிறது. எம்.ஈ. இரண்டாம் ஆண்டின் பெரும்பகுதி ப்ராஜெக்ட் என்பதால், கைடு சம்மதித்தால் அந்த ஓராண்டில் இடம் பண்ணிக்கொள்ளலாம். கல்லூரியிடம் முன்பே எழுத்தில் வாங்கிவைத்த பிள்ளைகள் தப்பித்தார்கள். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்றவர்களுக்கு இடம் கிடைத்தும் கல்லூரியின் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) கிடைக்காமல் போனது உண்டு.

மொழி சில வேலைகளுக்கு மட்டும் சல்லடை. ஆய்வு, வடிவமைப்பு என்றால் ஆங்கிலம் போதும் என்பார்கள். ஆலைத் தளத்தில் தொழிலாளர்களோடு நிற்கும் வேலை என்றால் உள்ளூர் மொழி வேண்டும். மணலியில் தமிழ் தெரியாத ஒருவர் ஷிஃப்ட் பார்ப்பதை நினைத்துப் பாருங்கள், புரிந்துவிடும். ஐரோப்பிய மாணவர்களை ஜப்பானியக் கம்பெனிகளுக்கு அனுப்ப 1997-லிருந்து நடந்துவந்த 'வல்கனஸ்' திட்டத்தில் முதல் நான்கு மாதம் ஜப்பான் மொழி வகுப்பு, அதற்குப் பிறகுதான் எட்டு மாதம் கம்பெனி. சென்னையில் ஜெர்மன் படிக்க நுங்கம்பாக்கத்துக்கும், ஜப்பான் மொழி படிக்க அமைந்தகரைக்கும் போக வேண்டியிருக்கிறது. வடசென்னைப் பிள்ளைகளுக்கு இது ஒரு தனிச் சுமை. மெட்ரோ விம்கோ நகர் வரை வந்த பிறகு கொஞ்சம் பரவாயில்லை.

இத்தனை சல்லடையிலும் தேறிய பிறகுதான் ஒருவர் உட்கார்ந்து கடிதத்தைப் படிக்கிறார். 7.4 பையன் ஜெயித்தது இங்கேதான்.

அவனுடைய சித்தப்பா தண்டையார்பேட்டையில் கேன் தண்ணீர் பிளான்ட் வைத்திருக்கிறார். பள்ளி நாளிலிருந்தே அவன் அங்கே தண்ணீரை வடிகட்டும் சவ்வான மெம்ப்ரேனை மாற்றுவான், கழுவுவான், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை வைத்துக்கொண்டு குறிப்பு எடுப்பான். ஹாம்பர்க் கம்பெனி கேட்டது, மெம்ப்ரேனில் அழுக்கு எப்படிப் படிகிறது என்று சோதிக்க ஓர் ஆள். இவன் கடிதத்தில் முதல் பத்தியிலேயே, கோடையில் போர்வெல் தண்ணீரின் உப்பு ஏறும்போது மெம்ப்ரேன் எத்தனை நாளில் அடைக்கிறது என்று தன் நோட்டிலிருந்து எடுத்து எழுதிவிட்டான். படித்தவருக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

அவள் எழுதியது: 'எனக்குச் சுற்றுச்சூழலில் மிகுந்த ஆர்வம் உண்டு. கடின உழைப்பாளி. குழுவாகப் பணியாற்றும் திறன் உடையவள்.' இதே மூன்று வரியைச் சாவோ பாவ்லோவில் ஒருத்தியும் எழுதியிருப்பாள், இஸ்தான்புல்லில் ஒருவனும் எழுதியிருப்பான்.

இத்தனைக்கும் அவள் வீட்டிலிருந்து கொடுங்கையூர் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் கூப்பிடு தூரம். அங்கே கழிவுநீரை மூன்றாம் கட்டம் வரை சுத்தம் செய்து, எதிர் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) வழியாக விட்டு, நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் வரை மணலி, எண்ணூர்த் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் வசதி இருக்கிறது. வடக்கே மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில், கடல்நீரை நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீராக்கும் ஆலை 2010-ல் ஓடத் தொடங்கியது. தண்ணீர்த் துறையில் ஆள் தேடும் கம்பெனி, இந்த இரண்டுக்கும் நடுவில் வளர்ந்து, அதைப் பாடமாகவும் படிக்கும் ஒருத்தியைக் கண்டால் விடுமா? ஆனால் அவள் அதில் ஒரு வரிகூட எழுதவில்லை. நம் தெருவில் இருப்பது நமக்குப் பெருமையாகத் தோன்றுவதில்லை, அதுவும் சாக்கடை நாற்றத்தோடு இருந்தால்.

வரிசை போடும் கணக்கு

இப்போது கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், கூட்டல்கூடக் கிடையாது.

பல மாணவர்கள், பல கம்பெனிகள், எல்லாருக்கும் ஒரு விருப்ப வரிசை. யாரை யாரோடு சேர்ப்பது? அமெரிக்க மருத்துவமனைகள் இந்தச் சிக்கலில் நன்றாக மாட்டிக்கொண்டன. 1940-களில் நல்ல மாணவர்களை அடுத்த மருத்துவமனைக்கு முன்னால் பிடித்துவிட வேண்டும் என்று போட்டி முற்றி, படிப்பு முடிய இரண்டு வருஷம் இருக்கும்போதே பயிற்சி இடத்துக்கு ஒப்பந்தம் போட ஆரம்பித்தார்கள். சொன்ன உடனே பதில் சொல்லாவிட்டால் இடம் போய்விடும் என்ற மிரட்டல் வேறு. இதை நிறுத்தத்தான் 1952-ல் எல்லாருடைய வரிசையையும் ஓரிடத்தில் வாங்கிச் சேர்க்கும் முறை வந்தது. பத்து வருஷம் கழித்து, 1962-ல், டேவிட் கேல், லாயிட் ஷேப்லி என்ற இரு கணித அறிஞர்கள் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார்கள். கல்லூரிச் சேர்க்கையையும் கல்யாணத்தையும் ஒரே கணக்காக எடுத்துக்கொண்டு, யாரும் குலைக்க முடியாதபடி சேர்த்துவைக்க எப்போதும் ஒரு வழி உண்டு என்று நிரூபித்தார்கள். மருத்துவமனைகள் நடத்திவந்த முறையும் ஏறக்குறைய அதேதான் என்று பொருளாதார அறிஞர் ஆல்வின் ராத் பின்னாளில் காட்டினார். 2012-ல் ராத், ஷேப்லி இருவருக்கும் பொருளாதார நோபல் கிடைத்தது. கேல் அதற்குள் காலமாகிவிட்டார்.

முறையை நம் ஊர்க்காரர்களை வைத்தே பார்ப்போம். காசிமேட்டுப் பையன், வியாசர்பாடிப் பெண், எண்ணூர்ப் பையன் என மூவர். ஹாம்பர்க், ராட்டர்டாம், ஒசாகா ஆகிய ஊர்களில் ஆளுக்கொரு கம்பெனி, கம்பெனிக்கு ஒரே இடம்.

காசிமேட்டுக்காரனின் வரிசை ஹாம்பர்க், ராட்டர்டாம், ஒசாகா. வியாசர்பாடிக்காரியின் வரிசை ஹாம்பர்க், ஒசாகா, ராட்டர்டாம். எண்ணூர்க்காரனுக்கு முதலில் ராட்டர்டாம், அப்புறம் ஹாம்பர்க், கடைசியில் ஒசாகா.

கம்பெனிகள் பக்கம்: ஹாம்பர்க்குக்குப் பிடித்த வரிசை எண்ணூர், வியாசர்பாடி, காசிமேடு. ராட்டர்டாமுக்குக் காசிமேடு, எண்ணூர், வியாசர்பாடி. ஒசாகாவுக்கு முதல் ஆள் வியாசர்பாடி. மற்ற இருவர் எந்த வரிசையில் இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

முதல் சுற்றில் எல்லாரும் தங்கள் முதல் விருப்பத்தின் கதவைத் தட்டுகிறார்கள். ஹாம்பர்க் வாசலில் இருவர்: காசிமேடும் வியாசர்பாடியும். ஹாம்பர்க் வியாசர்பாடியைக் 'கையில் வைத்துக்கொண்டு' காசிமேட்டை அனுப்பிவிடுகிறது. சேர்த்துக்கொண்டதாக அர்த்தமில்லை, கையில் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். ராட்டர்டாம் எண்ணூரைக் கையில் வைத்துக்கொள்கிறது. காசிமேடு இப்போது தன் இரண்டாம் விருப்பமான ராட்டர்டாமுக்குப் போகிறான். ராட்டர்டாமுக்கு எண்ணூரைவிடக் காசிமேடு மேல். உடனே எண்ணூரைக் கைவிட்டுவிடுகிறது. எண்ணூர் தன் இரண்டாவது விருப்பமான ஹாம்பர்க்குக்கு ஓடுகிறான். ஹாம்பர்க்குக்கு அவன்தான் முதல் ஆசை. வியாசர்பாடி வெளியே. அவள் ஒசாகா கதவைத் தட்ட, அங்கே திறந்த மனத்தோடு காத்திருக்கிறார்கள்.

முடிவு: காசிமேடு ராட்டர்டாமில், எண்ணூர் ஹாம்பர்க்கில், வியாசர்பாடி ஒசாகாவில். மூன்று பேருக்கும் கிடைத்தது இரண்டாவது விருப்பம். சரி, யாராவது இதைக் குலைக்க முடியுமா? வியாசர்பாடிக்காரி ஹாம்பர்க்குக்குத் தனியாகப் போன் போட்டு 'நான் வருகிறேன்' என்றால், 'எங்களிடம் உன்னைவிட நாங்கள் விரும்பியவர் இருக்கிறார்' என்பார்கள். எண்ணூர்க்காரன் ராட்டர்டாமைக் கேட்டாலும் அதே பதில். முதுகுக்குப் பின்னால் ஒப்பந்தம் போட இரண்டு பேர் சேரவே முடியாது. கேல், ஷேப்லி சொன்ன நிலைத்தன்மை இதுதான்.

இந்த முறையில் மாணவர்கள் கதவு தட்டும் பக்கம் இருந்தால், உண்மையான விருப்ப வரிசையை எழுதுவதைவிடச் சாமர்த்தியமான வழி எதுவும் கிடையாது; இதுவும் நிரூபிக்கப்பட்டதே. 'ஹாம்பர்க்குக்குப் போட்டி அதிகம், அதனால் ஒசாகாவை முதலில் போடுவோம்' என்று கணக்குப் போடுகிறவர் தன் கையாலேயே ஹாம்பர்க்கை இழக்கிறார். முதலில் ஹாம்பர்க்கைப் போட்டு அது நழுவினாலும், ஒசாகாவில் அவருடைய மதிப்பு ஒரு துளியும் குறையாது. கவுன்சிலிங் சாய்ஸ் ஃபில்லிங்கில் பக்கத்து வீட்டு மாமா கொடுக்கும் யோசனைகளை நம்பிப் பிள்ளைகள் செய்வதும் இதே தவறுதான்.

ஆனால் எல்லாத் திட்டமும் இந்த முறையில் நடப்பதில்லை. கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957-லிருந்தே படிப்போடு கம்பெனி வேலையையும் மாற்றி மாற்றி நடத்துகிறது. அங்கே நெடுங்காலமாக, நேர்காணல் முடிந்ததும் கம்பெனி மாணவருக்கு ஓர் எண் கொடுக்கும், மாணவர் கம்பெனிக்கு ஓர் எண் கொடுப்பார், இரண்டையும் கூட்டினால் எங்கே குறைவாக வருகிறதோ அந்த ஜோடி முதலில் சேரும். இதில் எதிராளி என்ன எண் போடுவார் என்று ஊகித்து விளையாட இடம் இருக்கிறது. பல சின்னத் திட்டங்களில் கணினியே கிடையாது. அலுவலகத்தில் ஒருவர் தாள்களை மேசையில் பரப்பிவைத்துக்கொண்டு யோசிப்பார். எந்த முறை என்று முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வது தப்பே இல்லை.

ஒன்று கொடுத்து ஒன்று வாங்குவது

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த முறை பண்டமாற்று. ஐயெஸ்டே என்று ஓர் அமைப்பு. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஐரோப்பா இடிபாட்டில் கிடந்த காலத்தில், 1948 ஜனவரியில், லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பத்து ஐரோப்பிய நாடுகள் கூடித் தொடங்கியது. தொழில்நுட்பம் படிக்கும் மாணவர்களைப் பிற நாட்டுக் கம்பெனிகளில் பயிற்சிக்கு அனுப்புவதுதான் நோக்கம். இப்போது 80-க்கும் மேற்பட்ட நாடுகளில் கிளை பரப்பியிருக்கிறது. இந்தியாவில் மணிப்பாலில் அதற்கு நெடுநாள் கிளை உண்டு.

அதன் நடைமுறை எளிது. ஒவ்வொரு நாட்டுக் கிளையும் தன் நாட்டுக் கம்பெனிகளிடம் போய் 'ஒரு வெளிநாட்டு மாணவரை எடுத்துக்கொள்ளுங்கள், இங்கே வாழ்வதற்குப் போதுமான ஸ்டைபண்ட் கொடுங்கள்' என்று கேட்டு, தாள் வாங்கும். ஜனவரி வாக்கில் எல்லா நாட்டுக்காரர்களும் ஒரு மாநாட்டில் கூடுவார்கள். அங்கே என் தாள் ஒன்று உனக்கு, உன் தாள் ஒன்று எனக்கு. கிடைத்த தாள்களோடு ஊர் திரும்பி, தன் மாணவர்களில் யார் எதற்குப் பொருந்துவார் என்று பார்த்துப் பெயரை அனுப்புவார்கள். கடைசியில் அந்தக் கம்பெனி சரி சொல்ல வேண்டும்.

இதன் விளைவை யோசியுங்கள். இங்கே ஒரு கம்பெனி வெளிநாட்டு மாணவரை எடுத்துக்கொண்டால்தான் இங்கிருந்து ஒருவர் போக முடியும். நம் பிள்ளைகளுக்கு இடம் குறைவாக இருப்பதற்கு அவர்கள் திறமை மட்டும் காரணமில்லை. நம் கம்பெனிகள் எத்தனை தாள் கொடுத்தன என்பதும் காரணம். வடசென்னையில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, அனல்மின் நிலையம், லாரி தயாரிக்கும் ஆலை, மூன்று துறைமுகம் எல்லாம் பத்துப் பதினைந்து மைல் கடலோரத்தில் அடைத்துக்கொண்டு கிடக்கின்றன. பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை 1955-ல் தொடங்கியபோது தொழில்நுட்பம் சொல்லிக்கொடுத்தது ஒரு சுவிட்சர்லாந்து நிறுவனம். வெளிநாட்டார் வந்து நம் பட்டறையில் நிற்பது இந்தப் பக்கத்துக்குப் புதிதே இல்லை.

நான் ஒருமுறை எங்கள் ஆலையில் கேட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு வெளிநாட்டு மாணவர், எட்டு வாரம். 'எங்கே தங்குவார், கேன்டீன் சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா, ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு?' என்று வரிசையாகக் கேள்வி. கடைசிக் கேள்வி நியாயமானது, பதில் என்னிடம் இல்லை. ஃபைல் அப்படியே நின்றது. இன்னும் விட்டுவிடவில்லை.

சேர்ந்த பிறகு காகிதம்

பொருத்தம் அமைந்துவிட்டால் வேலை முடிந்தது என்று கொண்டாடுவார்கள். விசா கையில் வரும்வரை கேக் வெட்டாதீர்கள்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு முதல் முட்டுக்கட்டை இனிஷியல். மார்க் பட்டியலில் ஓர் எழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, பாஸ்போர்ட்டில் அது குடும்பப் பெயராகப் போய் உட்கார்ந்திருக்கும். கம்பெனிக் கடிதத்தில் எந்தப் பெயர் வருகிறதோ அது பாஸ்போர்ட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். அதனால் விண்ணப்பம் போடும்போதே பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுதிவிடுங்கள். பாஸ்போர்ட்டே இல்லை என்றால் இன்றைக்கே அமைந்தகரைக்கு அப்பாயின்ட்மென்ட் போடுங்கள்.

விசா நாட்டுக்கு நாடு வேறு. ஜெர்மனியில் இன்டர்ன்ஷிப் படிப்போடு தொடர்புடையதாக இருக்க வேண்டும், பொதுவாக அந்நாட்டு வேலைவாய்ப்பு முகமையின் ஒப்புதலும் வேண்டும். அமெரிக்காவில் ஜே-1 விசாவின் 'இன்டர்ன்' பிரிவு, வெளிநாட்டுக் கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவருக்கோ படித்து முடித்து 12 மாதத்துக்குள் இருப்பவருக்கோதான். அதிகபட்சம் 12 மாதம் இருக்கலாம். கம்பெனி மட்டும் சம்மதித்தால் போதாது, அரசு அங்கீகரித்த ஒரு ஸ்பான்சர் அமைப்பு நடுவில் இருக்க வேண்டும். என்ன கற்றுக்கொடுக்கப்போகிறோம் என்று டி.எஸ்.-7002 என்ற படிவத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஐரோப்பாவில் 90 நாளுக்கு மேல் தங்குவதென்றால் சுற்றுலாவுக்குக் கொடுக்கும் ஷெங்கன் விசா உதவாது.

ஸ்டைபண்ட் என்பது பெரும்பாலும் அங்கே வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போய்விடும். விமானக் கட்டணம், விசா கட்டணம், காப்பீடு எல்லாம் இங்கிருந்தே கொண்டுபோக வேண்டிய பணம். முதல் மாத ஸ்டைபண்ட் மாதக் கடைசியில்தான் வரும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

இனி என் பணம் போன கதை. ஓர் ஏஜென்சி, பெயர் வேண்டாம், இப்போது அந்த இடத்தில் மொபைல் கடை இருக்கிறது. 'ஆஃபர் லெட்டர் ரெடி, இருபதாயிரம் டெபாசிட் கட்டுங்க, அங்க போனதும் கம்பெனி திருப்பிக் கொடுத்துடும்' என்றார்கள். அம்மாவின் கம்மல் மூலக்கொத்தளத்தில் ஒரு அடகுக் கடைக்குப் போனது. வந்த கடிதத்தில் கம்பெனி முகவரி இருந்தது, நான் செய்யப்போகும் வேலை என்னவென்று ஒரு வரிகூட இல்லை. அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை. உண்மையான திட்டமும் சிறு பதிவுக் கட்டணம் கேட்கலாம். ஆனால் அது யாருக்கு, எதற்கு என்று வெளிப்படையாக எழுதியிருக்கும், ரசீது வரும். வேலை என்ன, யார் மேற்பார்வை, எத்தனை வாரம் என்று சொல்லாமல் டெபாசிட் கேட்பவரிடம் பேச்சை வளர்க்கத் தேவையில்லை. கம்மல் மூன்று வருஷம் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தது.

அவள் விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் மறுபடியும் அதே கடை, இந்த முறை அந்தப் பையனும் வந்திருந்தான், விசாவுக்காகக் காத்திருக்கிறான். அவள் அடுத்த ஆண்டுச் சுற்றுக்கான கடிதத்தைக் கொண்டுவந்திருந்தாள். ஆர்வம், கடின உழைப்பு எல்லாம் காணாமல் போயிருந்தது. முதல் வரி இப்படித் தொடங்கியது: 'நான் வளர்ந்த பகுதியின் கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்டு, தொழிற்சாலைகளுக்குத் தண்ணீராகப் போகிறது, அந்த ஆலையில் மெம்ப்ரேனுக்கு முன்னால் நடக்கும் சுத்திகரிப்பைப் பற்றித்தான் என் ப்ராஜெக்ட்.' அந்த ப்ராஜெக்டுக்கு அனுமதி கேட்டுக் கல்லூரி வழியாகக் கடிதம் போயிருக்கிறது, இன்னும் பதில் வரவில்லை. வராவிட்டால் அந்த வரியை மாற்றிவிட வேண்டும் என்று சொல்லிவைத்தேன்.

"அதுவரைக்கும் எங்க சித்தப்பா பிளான்ட்ல வந்து மெம்ப்ரேன் கழுவு" என்றான் அவன்.

"சம்பளம் உண்டா?" என்றாள் அவள்.

"டெய்லி ஒரு கேன் தண்ணி."